குடும்பம் ஒரு ஊரில், வேலை ஒரு ஊரில்: ஊருக்குப் போக எல்.டி.சி. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டில்லி, குவஹாத்தி, ஜம்மு, போர்ட் பிளேர் என்று போஸ்டிங் விழுந்து, மனைவியையோ கணவரையோ குழந்தைகளையோ வயதான பெற்றோரையோ ஊரில் விட்டுவிட்டுப் போன மத்திய அரசு ஊழியர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்.டி.சி. என்பது லீவ் டிராவல் கன்செஷன், அதாவது லீவில் போகும் பயணத்துக்கு அரசு டிக்கெட் செலவு தரும் சலுகை. நிர்வாகப் பிரிவில் அந்த பில் பார்த்தவன் என்பதால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருக்கிறேன். பணம் கிடைக்காமல் போனவர்களைவிட, இப்படி ஒரு வழி இருக்கிறது என்றே தெரியாமல் விட்டவர்கள்தான் அதிகம். அதிலும் குடும்பத்தைப் பிரிந்து இருப்பவர்களுக்கென்றே விதியில் உள்ள வசதிகள் பலர் கண்ணில் படுவதே இல்லை. கீழே உள்ளவை 1988-ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணிகள் எல்.டி.சி. விதிகளையும் அதற்குப் பின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை போட்ட உத்தரவுகளையும் ஒட்டியவை. மாநில அரசு ஊழியர்கள், ரயில்வேக்காரர்கள், ராணுவத்தினர் ஆகியோருக்குத் தனித்தனி விதிகள் உண்டு, அவற்றை இங்கே கலக்கவில்லை.

எல்.டி.சி.யில் ஊருக்கு எத்தனை தடவை போகலாம்?

பொதுவான கணக்கு இதுதான். நான்கு வருடம் ஒரு பிளாக், அதற்குள் இரண்டிரண்டு வருடமாக இரண்டு சின்ன பிளாக். இப்போது ஓடுவது 2026-29, அதற்குள் 2026-27, 2028-29. ஒவ்வொரு இரண்டாண்டு பிளாக்கிலும் ஒரு தடவை சொந்த ஊர் போய் வர டிக்கெட் செலவு கிடைக்கும். இந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பதில் இந்தியாவில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம். ஒரு வருடத் தொடர் சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும். கிடைப்பது போக்குவரத்துக் கட்டணம் மட்டும்தான், தினப்படி கிடையாது, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ பிடித்த காசும் கிடையாது.

நான் வேலையில் சேர்ந்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது. எனக்கும் இதே கணக்கா?

இல்லை, உங்களுக்கு இதைவிட நல்ல கணக்கு. 2008 செப்டம்பரில் வந்த உத்தரவுப்படி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் எட்டு வருடம் தனி ஏற்பாடு. சேர்ந்த நாளிலிருந்து எண்ணி ஒவ்வொரு நான்கு வருடத்திலும் மூன்று தடவை சொந்த ஊர், ஒரு தடவை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும். அதாவது வருடத்துக்கு ஒன்று, குடும்பத்துக்கும் சேர்த்து. ஆனால் ஒரு வருடம் போகாமல் விட்டால் அது அப்படியே போய்விடும், அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. எஸ்.எஸ்.சி. என்கிற மத்திய அரசு வேலைக்கான தேர்வு எழுதிப் பாஸாகி இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் டில்லிக்குப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளாமல், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் பிரிவில் அப்படி யாராவது இருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள், சீனியர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

மனைவியும் குழந்தைகளும் ஊரிலேயே இருக்கிறார்கள். வருஷா வருஷம் போக வழி உண்டா?

உண்டு. சொந்த ஊரில் குடும்பம் இருக்கிற ஊழியர், தனக்கு மட்டும் வருடம் ஒரு முறை ஊருக்குப் போகும் சலுகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது: மற்ற எல்லா எல்.டி.சி.யும் போய்விடும், குடும்பத்துக்கான பயணமும் போய்விடும், நான்கு வருடத்துக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கும் போகும் சலுகையும் போய்விடும்.

எது லாபம் என்று ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். ஊழியர் டில்லியில், மனைவி திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியை, பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள். சாதாரண வழியில் போனால் நான்கு வருடத்தில் அவருக்கு இரண்டு பயணம், ஒன்று ஊருக்கு, இன்னொன்று ஊருக்கோ வேறு எங்காவதோ. குடும்பம் ஏற்கெனவே சொந்த ஊரிலேயே இருப்பதால், ஊருக்குப் போகும் எல்.டி.சி. அவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது, எல்லோரும் சேர்ந்து ஒரு வெளியூர்ப் பயணம் போகலாம், அவ்வளவுதான். தனக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்தால் நான்கு வருடத்தில் நான்கு தடவை ஊருக்கு. பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நான்காவது படிக்கிற பிள்ளை ஏழாவது வருவதற்குள் அப்பாவை எத்தனை தடவை பார்த்தது என்பதுதான் முக்கியம், டூர் எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம். பிள்ளைகள் காலேஜ் போய்விட்டார்கள், ஊருக்குப் போவதற்குச் செலவு ஒரு பாரமில்லை என்றால் சாதாரண வழியே போதும். எதுவானாலும் பிளாக் தொடங்கும்போதே முடிவு செய்து எழுத்தில் கொடுத்துவிடுங்கள், ஒரு பயணம் போய் வந்தபிறகு மாற்றிக் கேட்டால் சிக்கல். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது தேவையே இல்லை, அவர்களுக்கு வருடம் ஒன்று ஏற்கெனவே குடும்பத்தோடு இருக்கிறது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தான் வருடம் ஒரு முறை போவதற்காகக் குடும்பத்தின் பங்கை முழுசாகப் பறிப்பது நியாயமில்லை. பிரிந்து இருப்பது ஊழியர் கேட்டு வாங்கிய வசதி அல்ல. ஊழியர் சங்கங்கள் எட்டாவது சம்பளக் கமிஷன் முன்னால் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயங்களில் இது ஒன்று.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அம்மா அப்பா ஊரில். எனக்கும் வருடாந்திரம் உண்டா?

உண்டு. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர், சகோதரிகள், மைனர் தம்பிகள் சொந்த ஊரில் இருந்தால் நீங்களும் வருடம் ஒரு முறை உங்களுக்கு மட்டும் எடுக்கலாம், அதே நிபந்தனையில்.

வடகிழக்கிலோ அந்தமானிலோ போஸ்டிங். அங்கே இருப்பவர்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது, ஆனால் அந்த ஆபீஸ்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1983 டிசம்பர் 14 அன்று வந்த உத்தரவுதான் இதற்கு அடிப்படை, அதன் பிறகு லட்சத்தீவு, லடாக் போன்ற இடங்களுக்கும் நீட்டினார்கள்.

முதலாவது, குடும்பத்தைப் பழைய ஊரிலேயோ சொந்த ஊரிலேயோ விட்டுவிட்டு, குடும்பத்துக்கான டிரான்ஸ்ஃபர் டி.ஏ. (இடமாற்றப் பயணப்படி) வாங்காமல் போனவருக்கு ஒரு தேர்வு உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் வழக்கமான ஊர் எல்.டி.சி.க்குப் பதிலாக, வருடம் ஒரு முறை அவர் ஊருக்கோ குடும்பம் இருக்கும் இடத்துக்கோ போய் வரலாம். அதோடு கூடுதலாக, மனைவி அல்லது கணவரும் இரண்டு பிள்ளைகளும் வருடம் ஒரு முறை அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம். மேலே சொன்ன பொது விதியில் குடும்பத்தின் பங்கு போய்விடுகிறது, இங்கே போகவில்லை. அதனால்தான் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் கையில் வந்த அன்றே, குடும்பத்துக்கு டி.ஏ. வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அவசரத்தில் டி.ஏ. வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் சரிப்படவில்லை என்று குடும்பத்தைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு இந்த வசதி கிடைக்காமல் போயிருக்கிறது.

இரண்டாவது, அவசரப் பயணம். சர்வீஸ் முழுவதற்கும் சேர்த்து இரண்டு தடவை, வழக்கமான எல்.டி.சி.க்கு மேல், அவசர நிலையில் ஊழியரும் குடும்பமும் ஊருக்கோ வேலை பார்க்கும் இடத்துக்கோ போகலாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அஸ்ஸாமில் இருக்கும்போது அம்மா தவறிவிட்டார். இரவோடு இரவாகக் கடன் வாங்கி விமான டிக்கெட் எடுத்து ஓடினார், காரியம் முடிந்து வந்தும் அந்த ஆபீஸில் ஒருவர்கூட அவருக்கு இந்த வசதியைச் சொல்லவில்லை. அந்தக் கடனை அடைக்க அவருக்குப் பல மாதம் ஆயிற்று. அரசு கொடுக்கத் தயாராக வைத்திருந்த பணம் அது.

மூன்றாவது, விமானம். இம்பால், அய்ஸ்வால், அகர்தலா, சில்சர், லீலாபரி ஆகிய ஊர்களிலிருந்து கொல்கத்தா வரையிலும், போர்ட் பிளேரிலிருந்து சென்னை அல்லது கொல்கத்தா வரையிலும், கவரத்தியிலிருந்து கொச்சி வரையிலும், சம்பள லெவல் எதுவானாலும் எல்.டி.சி.யில் விமானத்தில் போகலாம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் நம்மூர் ஊழியர்கள் கணிசம், அவர்களுக்குச் சென்னை விமானம் என்பது பெரிய நிம்மதி, கப்பலில் வந்தால் மூன்று நாள் கடலில் போய்விடும். அஸ்ஸாமின் திப்ருகரில் இருப்பவர் ரயிலில்தான் வர வேண்டும் என்றால் கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ். 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று ராத்திரி தாண்டும். பத்து நாள் லீவில் போக வர ஆறேழு நாள் வண்டியிலேயே கழிந்தால் ஊரில் யாரைப் பார்ப்பது? லீவு கேட்கும்போது இந்தப் பயண நாட்களைத் தனியாக எழுதிக் காட்டுங்கள், மேலதிகாரிக்குப் புரியும்.

சொந்த ஊர் என்று எதைப் போடுவது?

சர்வீஸ் புக்கில் நீங்கள் அறிவித்து, ஆபீஸ் ஏற்றுக்கொண்ட ஊர்தான் சொந்த ஊர். அங்கே உங்களுக்கு வீடோ நிலமோ இருக்கிறதா, நெருங்கிய சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா, வேலையில் சேரும் முன் அங்கே வாழ்ந்தீர்களா, நல்லது கெட்டதுக்கு நீங்கள் அங்கே போய் நிற்க வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சர்வீஸ் முழுவதற்கும் ஒரே ஒரு முறைதான் மாற்றலாம், அதுவும் துறைத் தலைவரின் ஒப்புதலோடு. கல்யாணம் ஆனதும் மாமனார் ஊருக்கு மாற்றுவது, சென்னையில் பிளாட் வாங்கியதும் சென்னைக்கு மாற்றுவது என்று அந்த ஒரு வாய்ப்பை அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள். பெற்றோர் எங்கே நிலையாக இருக்கப் போகிறார்கள் என்பது தெளிவான பிறகு மாற்றுங்கள்.

அப்பா அம்மா என்னோடு இல்லை, ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் குடும்பக் கணக்கில் வருவார்களா?

வருவார்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெற்றோருக்கு 2008-லேயே போய்விட்டது. உங்களை முழுதாகச் சார்ந்திருக்க வேண்டும், அதாவது பென்ஷன் உட்பட மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். ஆனால் குடும்பத்தில் யார் எங்கிருந்து கிளம்பினாலும், உங்கள் வேலை ஊருக்கும் போகும் ஊருக்கும் இடையிலான கட்டணத்துக்கு மேல் கிடைக்காது. எல்லோரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை, தனித்தனியாகப் போகலாம், போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

விமானத்தில் போகலாமா?

பே மேட்ரிக்ஸ் என்கிற சம்பள அட்டவணையில் லெவல் 9 முதல் மேலே இருந்தால் போகலாம். லெவல் 6 முதல் 8 வரை ஆபீஸ் வேலையாக டூர் போகும்போது விமானம் உண்டு, எல்.டி.சி.யில் கிடையாது, இரண்டாம் வகுப்பு ஏ.சி. ரயில்தான். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், டூருக்குக் கொடுத்தார்களே என்று விமானத்தில் போய்விட்டு பில் வெட்டப்பட்டதும் சண்டைக்கு வருகிறார்கள். லெவல் 5 வரை மூன்றாம் வகுப்பு ஏ.சி.தான். ராஜதானி, துரந்தோ போன்ற வண்டிகள் முன்பே உண்டு, 2025 ஜனவரியில் வந்தே பாரத், தேஜஸ், ஹம்சஃபர் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். தட்கல் கட்டணமும் கிடைக்கும்.

விமானம் என்றால் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்றில் ஒன்றில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும், 21 நாளுக்கு முன்பாக, உங்கள் நேரத்துக்கு ஒத்துவரும் மூன்று மணி நேர இடைவெளியில் இருப்பதிலேயே குறைந்த கட்டணத்தில். பதிவு செய்யும்போது திரையில் தெரியும் விலைப் பட்டியலை அப்போதே பிரின்ட் எடுத்து பில்லோடு குத்தி வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஆடிட்டில் கேட்கும்போது அந்த ஒரு தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

ரயில் இறங்கியபின் ஊருக்குப் பஸ்ஸே இல்லையென்றால்?

பொதுப் போக்குவரத்தே இல்லாத இடங்களுக்கு 100 கிலோமீட்டர் வரை தனியார் வண்டியில் போனதை நீங்களே சான்றளித்துக் கேட்கலாம். பஸ் இருக்கும் ஊருக்கு டாக்ஸி பிடித்தால் கிடைக்காது.

சி.எல். போட்டு எல்.டி.சி. எடுக்கலாமா?

எடுக்கலாம். சி.எல். (தற்செயல் விடுப்பு), ஈ.எல். (ஈட்டிய விடுப்பு), குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எதுவானாலும் சரி. லீவே போடாமல் சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறையில் மட்டும் போய் வந்தால் கிடையாது, ஒரு நாளாவது லீவு வேண்டும்.

பத்து நாள் லீவைக் காசாக்கலாம் என்கிறார்களே?

ஆமாம், எல்.டி.சி. எடுக்கும்போது 10 நாள் ஈ.எல். சரண்டர் செய்து பணமாக வாங்கலாம், சர்வீஸ் முழுவதற்கும் அதிகபட்சம் 60 நாள். கணக்கில் போடும் லீவும் சரண்டர் செய்யும் பத்து நாளும் போக 30 நாள் ஈ.எல். மிச்சம் இருக்க வேண்டும். சி.எல். போட்டுப் போனாலும் இது உண்டு. அடிப்படைச் சம்பளம் 44,900 என்றால் அதற்கு மட்டும் 14,967 ரூபாய் வரும், அகவிலைப்படி தனி. ரிடையர் ஆகும்போது கிடைக்கும் 300 நாளில் இதைக் கழிக்க மாட்டார்கள். ஊருக்குப் போகும்போது கையில் காசு இருப்பது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை, இதை எடுக்காமல் விடாதீர்கள். அட்வான்ஸோடு சேர்த்தே கேட்டு வாங்கலாம்.

கணவன் மனைவி இருவருமே மத்திய அரசு, வேறு வேறு ஊரில். என்ன செய்வது?

இருவரும் தனித்தனி சொந்த ஊர் அறிவித்துக்கொள்ளலாம், அவரவர் பெற்றோருக்கு அவரவர் எடுக்கலாம். ஒரே பிள்ளைக்கு இருவரும் எடுக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பதியரை முடிந்தவரை ஒரே ஊரில் போட வேண்டும் என்று 2009 செப்டம்பர் 30 உத்தரவு இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் மனுவில் அந்தத் தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பிரிந்து இருப்பவர்களுக்கு எல்.டி.சி.யைவிடப் பெரிய உதவி அதுதான்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்.-இல் காஷ்மீரில் இருப்பவர்களுக்கு?

எல்.டி.சி. அவர்களுக்கும் உண்டு. அதற்கு மேல், 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, அதே மாதம் 21-ஆம் தேதி உள்துறை அமைச்சகம், டில்லி-ஸ்ரீநகர், ஜம்மு-ஸ்ரீநகர் மார்க்கத்தில் மத்திய ஆயுதப் படையின் எல்லா நிலையினரும் விமானத்தில் போகலாம் என்றது. கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள், ஏ.எஸ்.ஐ. என்று சுமார் 7,80,000 பேருக்கு இதனால் புதிதாக அந்த உரிமை கிடைத்தது. டியூட்டிக்கு மட்டுமில்லை, லீவில் ஊருக்குப் போகும்போதும், திரும்பும்போதும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரியும் அரியலூர் மாவட்டம் கார்குடியும் அந்தத் தாக்குதலில் ஆளுக்கொரு வீரரை இழந்த ஊர்கள். லீவு முடிந்து பணிக்குத் திரும்பியவர்கள் பலர் தாக்கப்பட்ட அந்த வண்டி வரிசையில் இருந்தார்கள். இந்த விமான வசதி முன்பே இருந்திருக்க வேண்டும்.

சொந்த ஊருக்குப் பதில் அந்தமானோ காஷ்மீரோ போகலாமாமே?

போகலாம், சொந்த ஊர் எல்.டி.சி.யை விட்டுக்கொடுத்து வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், லடாக், அந்தமான் போகும் சலுகையை அரசு அவ்வப்போது நீட்டித்து வருகிறது, அதில் விமானத்தகுதி இல்லாதவர்களுக்கும் விமானம் உண்டு. குடும்பம் உங்களோடு இருந்தால் தாராளமாகப் போங்கள். ஊரில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா இருந்தால் ஒரு தடவை யோசித்துவிட்டு எழுதிக் கொடுங்கள்.

போன பிளாக்கில் போகவே முடியவில்லை. போச்சா?

2024-25-இல் எடுக்காத ஊர்ப் பயணத்தையும், 2022-25-இல் எடுக்காத இந்தியப் பயணத்தையும் 2026 டிசம்பர் 31 வரை எடுக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது.

எல்.டி.சி. பணத்துக்கு வரி உண்டா?

பழைய வரி முறையில் இருந்தால் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு, புதிய முறையில் அந்த விலக்கு இல்லை. சரண்டர் பணத்துக்கு இரண்டிலுமே வரி உண்டு.

லீவே தரமாட்டேன் என்கிறார் ஆபீசர். உரிமை என்று கேட்க முடியுமா?

லீவை உரிமையாகக் கேட்க முடியாது, 1972 விடுப்பு விதிகளில் 7-ஆவது விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட லீவின் வகையை அவர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வாயால் கேட்டு வாயால் மறுப்பு வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். பிளாக் முடியும் தேதி, கடைசியாக ஊருக்குப் போன தேதி, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் எழுதி, இரண்டு தேதிகளைக் கொடுத்து, இதில் எது தோதுப்படும் என்று கேட்டு மனு கொடுங்கள். எழுத்தில் வந்ததை மறுக்க அவரும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், பெரும்பாலும் ஒரு தேதி கிடைத்துவிடும். டிசம்பர் மாதத்துக்கு விட்டுவைக்காதீர்கள், அப்போது எல்லோரும் கேட்பார்கள்.

அட்வான்ஸ், பில் எல்லாம் எப்படி?

உத்தேசச் செலவில் 90 சதவீதம் வரை அட்வான்ஸ் வாங்கலாம், வாங்கிய 10 நாளுக்குள் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். அட்வான்ஸ் வாங்கினால் திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் பில் கொடுக்க வேண்டும், வாங்காவிட்டால் மூன்று மாதம். தாமதமானால் அட்வான்ஸை ஒரே தவணையில் பிடித்துவிடுவார்கள், பி.எஃப். வட்டிக்கு மேல் இரண்டு சதவீதம் அபராத வட்டியும் சேரும். போகாத பயணத்துக்கு பில் போடச் சொல்லி ஆசை காட்டும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள், பக்கத்திலேயே விடாதீர்கள், அதில் வேலையே போகும். திரும்பி வந்ததும் பையில் கிடக்கும் போர்டிங் பாஸ், டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஆபீஸுக்கு எடுத்துப் போய்விடுங்கள், முதல் வாரத்திலேயே பில் எழுதிக் கொடுத்து, அது வந்து சேர்ந்ததற்கான டைரி நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள்.